மென்பொருள் பொறியாளருக்கு அடிப்படைக் கருத்துகள் தெரிந்தே ஆக வேண்டுமா?

கமாயுட்வாசி
சென்ற வாரம் யாங்கோனில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றிருந்தேன். நான்கு ஆண்டுகளாகக் கடைகளுக்கும் உணவு விநியோகத்துக்கும் செயலிகள் எழுதி வருபவன் என்றும், அவை இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றும் சொன்னேன். அவற்றைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. பலகையில் இணைப்புப் பட்டியல் (ஒவ்வொரு உறுப்பும் அடுத்த உறுப்பின் இடத்தைச் சுட்டும் தரவு வரிசை) ஒன்றைத் தலைகீழாக்கும் நிரலை எழுதச் சொன்னார்கள், எனக்கு வரவில்லை, அனுப்பிவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் தேவைப்படாத ஒன்றை எதற்காக நெட்டுருச் செய்ய வேண்டும்? இன்று நிரலையே இயந்திரம் எழுதித் தருகிறது. அடிப்படை, அடிப்படை என்பதெல்லாம் ஆளைக் கழித்துக் கட்டுவதற்கான சல்லடை என்பதே என் கருத்து.

பருப்புமண்டி கணக்கன்
இணைப்புப் பட்டியலுக்காக உங்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன், தம்பி. ஆனால் அதை வைத்து அடிப்படை முழுவதையும் தள்ளுகிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

யாங்கோனின் பேயின்னவுங் சந்தையில் உளுந்து வியாபாரம் செய்யும் ஒருவரின் கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வழக்கொழிந்துவிட்ட வீசை இங்கே இன்னும் தராசில் இருக்கிறது (எடைதான் வேறு, இங்கே ஏறக்குறைய 1.63 கிலோ). ஒரு வீசைக்கு 100 டிக்கல். கடைக்குக் கணினிக் கணக்கு எழுதிக் கொடுத்த இளைஞர் இருப்பை வீசையில், தசம எண்ணாக வைத்திருந்தார். மீதமிருந்த ஒரு வீசை, பத்து டிக்கல் பொட்டலங்களாகப் பத்துப் பேருக்கு விற்றுத் தீர்ந்தது. அதாவது 1-இலிருந்து 0.1-ஐப் பத்து முறை கழித்தாயிற்று. மூட்டை காலி, கணினியோ இருப்பு இருக்கிறது என்றே சொன்னது. இருப்பு பூச்சியமானால்தான் ‘சரக்குத் தீர்ந்தது’ என்று காட்டுமாறு எழுதியிருந்தார். அது ஒருபோதும் பூச்சியம் ஆகவில்லை.

அவர் செய்த திருத்தம் இன்னும் வேடிக்கையானது: திரையில் இரண்டு தசம இடம் மட்டும் தெரியுமாறு மாற்றினார். இப்போது 0.00 என்று காட்டிக்கொண்டே அந்த உளுந்து பட்டியலில் உட்கார்ந்திருந்தது. “பூச்சியம் என்கிறது, பிறகு இருக்கிறது என்றும் சொல்கிறதே?” என்று முதலாளி என்னிடம் கேட்டார். கணினி எண்களை 0, 1 மட்டும் கொண்ட இரண்டின் அடிமானத்தில் வைக்கிறது; பத்தில் ஒன்றை அந்த அடிமானத்தில் முடிவாக எழுத முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் புகுந்தால் 0.333 என்று நீண்டுகொண்டே போவது போலத்தான். இத்தகைய எண்களைச் சேமிக்கக் கணினிகள் பின்பற்றும் ஐஇஇஇ 754 என்னும் தரம் 1985-இல் வந்தது; அதன் இரும எண்களில் 0.1 என்பது 0.1-க்கு மிக அருகில் உள்ள வேறோர் எண். பத்து முறை கழித்தபின் எஞ்சுவது பூச்சியம் அன்று, தசமப் புள்ளிக்குப் பின் பதினைந்து பூச்சியங்கள் கடந்து தொடங்கும் ஒரு துளி. இருப்பை டிக்கல் கணக்கில் முழு எண்ணாக மாற்றியதும் தொல்லை ஒழிந்தது.

கமாயுட்வாசி
நல்ல உதாரணம்தான், அண்ணா, ஆனால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. இணையத்தில் ஐந்து நிமிடம் தேடினால் இதற்கு விடை கிடைக்கும். ஒருமுறை சுட்டால் பிறகு மறக்காது. அந்த இளைஞர் எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகே கடைக்குள் நுழைய வேண்டும் என்றிருந்தால், அங்கே இன்றும் சிட்டைப் புத்தகம்தான் இருந்திருக்கும்.

மோல்மேன் ஆசிரியை
தேடினால் கிடைக்கும் என்பது மெய்தான். எதைத் தேட வேண்டும் என்பதே தெரியாதவர் என்ன செய்வார்?

எங்கள் ஊர்க் கோயிலின் நன்கொடையாளர் பட்டியலைக் கணினியில் ஏற்றியிருக்கிறோம். ‘பொன்னம்மா’ என்று தேடினால், கண்ணெதிரே இருக்கும் பெயரை இல்லை என்கிறது. பையன்கள் எழுத்துருவை மாற்றிப் பார்த்தார்கள், கணினியையே மாற்றிப் பார்த்தார்கள். காரணம் ‘பொ’. எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. முதல் வகையில் பொன்னம்மாவுக்கு 9 குறியீடுகள், இரண்டாவதில் 10. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். எழுத்து என்பது கணினிக்குள் எண்களின் வரிசை என்ற ஒரு கருத்து மனத்தில் பதிந்திருந்தால் சந்தேகம் நேராக அங்கே போயிருக்கும்.

இதைப் பர்மாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 அக்டோபர் 1-இல் நாடு யூனிகோடுக்கு மாறும் வரை பெரும்பாலோர் புழங்கியது ஸாவ்ஜி என்னும் பர்மிய எழுத்துரு. பர்மிய எழுத்துக்கு யூனிகோடு ஒதுக்கிய அதே எண்களை அது வேறு பொருளில் பயன்படுத்தியது; மோன், ஷான், கரேன் எழுத்துகளின் இடங்களையும் எடுத்துக்கொண்டது. ஆகையால் பழைய பட்டியல் ஒன்று எந்தக் குறியேற்றத்தில் உள்ளது என்பதை இயந்திரம் எழுத்து வரிசையைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும்.

இரவுப்பணியாளர்
மின்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருப்பைக் குறைத்தாயிற்று, ரசீது இன்னும் பதிவாகவில்லை, அந்த நொடியில் மின்சாரம் போகிறது. சரக்கும் இல்லை, விற்ற கணக்கும் இல்லை. இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டியிருந்தால் இரண்டும் நடந்திருக்கும், அல்லது இரண்டுமே நடந்திருக்காது. நான் பயன்படுத்தும் ஜாங்கோ என்னும் ஆயத்த நிரல் கட்டமைப்பு தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். அதுவோ, நாம் சொல்லாத வரை, ஒவ்வொரு தரவுத்தளக் கட்டளையையும் தனித்தனியாகவே உறுதி செய்துவிடுகிறது.

கமாயுட்வாசி
நீங்கள் மூவரும் சொல்பவை எல்லாம் வேலையில் எதிர்ப்பட்டவை. அவற்றை நேர்காணலில் கேட்டிருந்தால் எனக்கு மனக்குறையே இல்லை; தோற்றிருந்தாலும் ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்பியிருப்பேன்.

பருப்புமண்டி கணக்கன்
ஒப்புக்கொள்கிறேன். கேள்வி கேட்பவர்களிலும் பலர் மனப்பாடத்தைத்தான் அளக்கிறார்கள். ஆனால் இயந்திரம் எழுதித் தரும் நிரலிலும் இருப்பு தசம எண்ணாக வந்து நிற்கக் கண்டிருக்கிறேன். அதைப் பிடிக்க ஒருவர் வேண்டுமே.

கமாயுட்வாசி
ஆசிரியை எழுதியதைப் படித்த பிறகு, இன்றிரவு என் விநியோகச் செயலியைத் திறந்து பார்த்தேன். வாடிக்கையாளர் பெயருக்கு 30 பைட் எல்லை வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துத் தாராளம் என்று நினைத்திருந்தேன். யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 10 குறியீடுதான் உள்ளே போகும். கிருஷ்ணம்மாளுக்கு 13 வேண்டும். இரண்டு ஆண்டுகளாக அந்த அம்மையாரின் பொட்டலத்தில் ‘கிருஷ்ணம்ம’ என்றே அச்சாகி வந்திருக்கிறது. அச்சுப்பொறியில் கோளாறு என்று நான்தான் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இணைப்புப் பட்டியல் விஷயத்தில் என் நிலையில் மாற்றமில்லை. எல்லையை நீட்டினால் ஏற்கெனவே வெட்டுப்பட்ட பெயர்களை எப்படி மீட்பது என்று யாராவது சொல்லுங்கள்.

மோல்மேன் ஆசிரியை
மீட்க முடியாது, தம்பி. சரியாக 30 பைட்டில் முடியும் பெயர்களையும், அதை ஒட்டி நிற்பவற்றையும் தனியே எடுத்து, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

கமாயுட்வாசி
எடுத்துவிட்டேன், டீச்சர். 212 பேர். காலையில் கிருஷ்ணம்மாளிடமிருந்து தொடங்குகிறேன்.