கதிர்வீச்சுக்குப் பின் பெரிதாகத் தெரியும் மூளைக் கட்டி: பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. எவ்வளவு சொல்லும்?

கேள்வி:
என் சித்தப்பாவுக்குக் கிளியோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி) என்று பயாப்சியில் உறுதியாகி, அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரக் கதிர்வீச்சும் உடன் டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் முடிந்தன. இரண்டு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில், கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பின் வெண்மையாகத் தெரியும் பகுதி முன்பைவிடப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அவருடைய நடையிலோ பேச்சிலோ மாற்றம் எதுவும் இல்லை. பெர்ஃப்யூஷனும் (திசுவின் இரத்த ஓட்டத்தை அளப்பது) ஸ்பெக்ட்ராஸ்கோபியும் (திசுவின் வேதிப்பொருள்களை அளப்பது) சேர்த்து மறுபடி எடுக்குமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். கட்டி திரும்பிவிட்டதா என்பதை இவை தீர்மானமாகச் சொல்லுமா?

பதில் 1 (கதிரியல் மருத்துவர்):
கான்ட்ராஸ்ட் ஊசியில் செலுத்தும் காடோலினியம் என்ற மருந்து கட்டியைத் தேடிப் பிடிப்பதில்லை. இரத்தத்திலுள்ளவை மூளைக்குள் புகாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பு எங்கே கசிகிறதோ அங்கே தேங்கி வெண்மையாகத் தெரிகிறது. வளரும் கட்டியிலும் கசிவு உண்டு, கதிர்வீச்சால் புண்பட்ட திசுவிலும் உண்டு என்பதால், வழக்கமான படத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதங்களில், குறிப்பாகக் கட்டியில் எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன் (அந்த மரபணு வேதிமாற்றத்தால் அடக்கப்பட்ட நிலை) உள்ளவர்களிடம், இவ்வாறு பெரிதாகித் தானாகவே அடங்கும் பொய் வளர்ச்சி அதிகம் காணப்படுகிறது. இதனால்தான் மூளைக் கட்டி சிகிச்சையின் பலனை மதிப்பிட 2010இல் வெளியான ரானோ அளவுகோல், கதிர்வீச்சு முடிந்த 12 வாரங்களுக்குள், கதிர் பாய்ந்த பகுதிக்கு வெளியே புதிய வெண்மை தோன்றினாலோ திசுப் பரிசோதனையில் உறுதியானாலோ அன்றி, நோய் முற்றியதாகக் கொள்ள வேண்டாம் என்றது.

பெர்ஃப்யூஷனில், ஊசி மருந்து மூளையின் குருதிக் குழாய்களைக் கடக்கும் சில நொடிகளுக்குள் அடுத்தடுத்துப் படமெடுத்து, அந்த இடத்தின் குருதிக் கொள்ளளவைக் கணித்து, மறுபக்கத்து இயல்பான வெள்ளைத் திசுவோடு ஒப்பிடுகிறோம். உயிருள்ள கட்டி புதுக் குழாய்களை உருவாக்கிக்கொள்வதால் இந்த விகிதம் பொதுவாக உயரும். மடிந்த திசுவில் தாழும். ஸ்பெக்ட்ராஸ்கோபியில் கோலின் (செல் சவ்வு சார்ந்த பொருள்) உயர்ந்து என்.ஏ.ஏ. (நரம்புச் செல்களைக் குறிக்கும் பொருள்) குறைந்தால் கட்டியை நினைப்போம். கொழுப்பும் லாக்டேட்டும் மட்டும் மேலோங்கினால் திசு மடிவை நினைப்போம்.

பதில் 2 (புற்றுநோய் மருத்துவர்):
மேலே உள்ள விளக்கம் சரியானதே. ஆனால் “தீர்மானமாக” என்ற எதிர்பார்ப்பைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உயிருள்ள கட்டியும் மடிந்த திசுவும் கலந்தே கிடக்கின்றன. எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறிவிடும். அறுவை செய்த குழிக்கருகில் பழைய இரத்தக் கசிவு இருந்தால் பெர்ஃப்யூஷன் படமே சிதையும். ஊசி மருந்தின் கசிவைக் கணக்கில் திருத்தாவிட்டால் கொள்ளளவு தவறாகக் காட்டும். இத்தனைக்கும் மேல், கட்டியா மடிவா என்று பிரிக்க ஒரு மையம் வைத்திருக்கும் எல்லை எண் மற்றொரு மையத்தின் இயந்திரத்துக்குப் பொருந்தாது. ஆகவே, நோயாளி நலமாக இருக்கையில், நான் ஒரே படத்தை நம்பி மருந்தை மாற்றுவதில்லை. நான்கு முதல் எட்டு வாரங்களில் அதே இயந்திரத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பதையே விரும்புகிறேன். தலைவலியோ பலவீனமோ கூடினால் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஸ்கேனுக்குப் போகும்போது எதையெல்லாம் கொண்டுசெல்ல வேண்டும்?

பதில் 1:
பழைய ஸ்கேன்கள் அனைத்தின் குறுந்தகடுகள், குறிப்பாகக் கதிர்வீச்சு முடிந்தபின் எடுத்த முதல் படம். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. கதிர்வீச்சுத் திட்ட வரைபடம், எம்.ஜி.எம்.டி. முடிவு ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு மருந்து) அளவு அண்மையில் கூடியதா குறைந்ததா என்பதையும் எழுதிக் கொடுங்கள்; ஸ்டீராய்டைக் கூட்டினாலே வெண்மை சுருங்கித் தெரியக்கூடும்.