கலைச்சொல் விவாதம்: ‘தனிப்பயனாக்கம்’ என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை

மண்டபத்திலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம்.

கடலோர ஊர்களின் இ-சேவை மையங்களிலும் நூலகங்களிலும் ஒட்டுவதற்குக் கணினிக் குறிப்புத்தாள் ஒன்று தயாராகிறது. முதல் பத்தியிலேயே ஒரு சொல் வழிமறிக்கிறது: தனிப்பயனாக்கம். திரையின் நிறம், எழுத்தின் அளவு, உலாவியைத் திறந்ததும் வரும் பக்கம் ஆகியவற்றை நாமே மாற்றிக்கொள்வதற்கு அந்தச் சொல்தான். நாம் எதைப் பார்த்தோம், எதைத் தேடினோம் என்று கவனித்து வைத்துக்கொண்டு காணொளியும் விளம்பரமும் பொறுக்கிப் போடுகிறார்களே, அதற்கும் அதே சொல்தான். முன்னதை நாம் செய்கிறோம். பின்னது நம்மைக் கேட்காமலே நடக்கிறது.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. விண்டோஸ் முகப்புத்திரையில் வலச்சொடுக்கினால் வரும் ‘பர்சனலைஸ்’, பின்னணிப் படத்துக்கும் நிறத்துக்கும் உரியது. அதே விண்டோஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போனால், விளம்பர அடையாள எண்ணை வைத்துக் காட்டும் விளம்பரமும் ‘பர்சனலைஸ்டு’தான். ‘தனிப்பயனாக்கத்தை அணைக்கவும்’ என்று தாளில் அச்சடித்தால், விளம்பரத் தொல்லை என்று வந்தவர் பின்னணிப் படத்தை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். விளம்பரம் வந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். என் முன்மொழிவு:

நாம் செய்வதற்கு வாகாக்கு, வாகாக்கம்.
தளம் செய்வதற்கு ஆளறிதல். ஆளறிந்த விளம்பரம், ஆளறிந்த பரிந்துரை.

‘கைக்கு வாகா இருக்கு’, ‘வாகாப் புடி’ என்று வள்ளம் தள்ளுகிறவரும் சொல்கிறார், அரிவாள்மனையை இழுத்துப்போட்டு மீன் அரிகிறவரும் சொல்கிறார். இருக்கிற பொருளையே நமக்குத் தக்கபடி வைத்துக்கொள்வதுதான் அது. ‘ஆளறிந்து பேசு’ என்பதும் எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. எதிரில் இருப்பவர் யாரென்று பார்த்து நடந்துகொள்வது. கருத்துச் சொல்லுங்கள்.

கீழக்கரையிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டையும் பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ‘வாகு’வில்தான் தயக்கம்.

படித்தவருக்கு வாகு என்றால் தோள் என்றும் ஒரு பொருள் வரும். வாகுவலயம், வீரவாகு எல்லாம் அந்த வழியில் வந்தவை. தேடுபெட்டியில் ‘வாகா’ என்று தட்டினால் பஞ்சாபின் எல்லைச் சாவடி முன்னால் வந்து நிற்கும். இதைவிட ‘தோதாக்கு’ நல்லதில்லையா? தோது என்பதும் நம் பக்கத்துச் சொல்தான்.

இன்னொன்று. தனிப்பயனாக்கம் பல ஆண்டுகளாகத் திரைகளில் இருக்கிறது. சில இடங்களில் பிரத்தியேகமாக்கலும் இருக்கிறது. திரையில் ஒரு சொல்லும் தாளில் வேறொரு சொல்லும் இருந்தால் வந்து உட்காருகிறவர் எதைப் பார்த்துத் தேடுவார்? எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

தொண்டியிலிருந்து

காக்கா (அண்ணே), ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> இதைவிட ‘தோதாக்கு’ நல்லதில்லையா?

தோது வாய்ப்பதற்குரிய சொல். ‘தோதுப்பட்டா வர்றேன்’ என்றால் சூழ்நிலை கூடிவர வேண்டும் என்று பொருள். வாகில் நம் கை வேலை செய்கிறது. எழுத்தளவைக் கூட்டிவைப்பது கைவேலைதான்.

மென்பொருளைத் தமிழாக்குகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. இடைமுகச் சரங்களில், அதாவது திரையில் தோன்றும் சொற்றொடர்களில், பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். நிரல் ஓடும்போதுதான் அங்கே குரோம், பயர்பாக்ஸ் என்று ஏதோ ஒன்று வந்து விழும். இரண்டாம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும் என்பதால் ‘பயர்பாக்ஸைத் தனிப்பயனாக்கு’ என்றுதான் எழுத வேண்டும். அந்த ‘த்’ பெயரின் வாலில் ஒட்டவேண்டியது. பெயரும் வினையும் தனித்தனிச் சரங்களாக இருந்தால் அதை ஒட்ட இடமே கிடைக்காது. தமிழ் இடைமுகங்களில் ஒற்று விழுந்துபோவதற்கு இது ஒரு பெரிய காரணம். மொழிபெயர்த்தவரின் கவனக்குறைவு என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. ‘வாகாக்கு’ இடையின வகரத்தில் தொடங்குகிறது. ‘பயர்பாக்ஸை வாகாக்கு’, ‘திரையை வாகாக்கு’. எதன்பின் வந்தாலும் ஒற்று கேட்காது. தோதாக்குவுக்கும் தகர முதல் என்பதால் அதே சிக்கல்தான்.

நீளத்தையும் பாருங்கள். தனிப்பயனாக்கு எட்டெழுத்து, யூனிகோடில் 13 குறியீடுகள். வாகாக்கு நான்கெழுத்து, 8 குறியீடுகள். கைபேசிப் பொத்தானில் எட்டெழுத்துச் சொல் ‘தனிப்பய…’ என்று முறிந்து நிற்கும். முறிந்த சொல்லை யாராலும் படிக்க முடியாது.

> தேடுபெட்டியில் ‘வாகா’ என்று தட்டினால்

தட்டும்போது வரும் பரிந்துரைகளில் வரத்தான் செய்யும். முழுச்சொல்லைத் தட்டியபின் வாகாக்கம் வேறு, வாகா வேறு. தோள் என்ற பொருளையும் இடம் பார்த்துத் தள்ளிவிடலாம். அமைப்புகள் பக்கத்தில் தோளுக்கு வேலையில்லை.

திரைக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளி பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. சொடுக்கவேண்டிய பெயரைத் திரையில் உள்ளபடியே மேற்கோளுக்குள் தருவோம், விளக்கத்தில் நம் சொல்லை வைப்போம். ‘“தனிப்பயனாக்கு” என்பதைச் சொடுக்கித் திரையை வாகாக்குங்கள்.’ இப்படி எழுதினால் தேடுகிறவருக்குப் பொத்தானும் கிடைக்கும், புதுச்சொல்லும் பழகும்.

தங்கச்சிமடத்திலிருந்து

அண்ணன்மாருக்கு வணக்கம். சொல்லை வேலையில் இறக்கிப் பார்ப்போம் என்று குறிப்புத்தாளின் மையப் பகுதியை அந்தச் சொல்லாலேயே எழுதியிருக்கிறேன். எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

*எழுத்தை வாகாக்கல்.* பயர்பாக்ஸில் அமைப்புகளுக்குப் போய், எழுத்துருக்கள் பகுதியில் ‘மேம்பட்டவை’ பொத்தானை அழுத்துங்கள். மேலே எந்த எழுத்துமுறைக்கு என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துருவாக நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் வையுங்கள். அளவு 18, குறைந்தபட்ச அளவு 14. சிறிய அளவில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி னகரம் மாதிரித் தெரியும். மெய்யின் புள்ளி தலைக்கோட்டில் படிந்து ‘க்’ ‘க’வாகிவிடும். விண்ணப்பத்தில் பெயரைச் சரிபார்க்கும்போது இந்தப் பிழை கண்ணில் படாது. அச்சாகி வந்த பிறகுதான் தெரியும்.

இதைச் செய்தும் சில தளங்களில் எழுத்து பெரிதாகாது. அந்தப் பக்கத்தை எழுதியவர் அதன் மொழி தமிழ் என்று நிரலில் குறித்திருக்க மாட்டார். உள்ளே இருப்பது தமிழாக இருந்தாலும் பயர்பாக்ஸ் அந்தக் குறியைத்தான் முதலில் பார்க்கும். அதனால் அதே பட்டியலில் லத்தீனுக்கும் ‘பிற எழுத்துமுறைகள்’ என்பதற்கும் குறைந்தபட்ச அளவை 14 ஆக்கிவிடுங்கள். 20க்கு மேல் ஏற்றவேண்டாம். படிவங்களில் பட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், பொத்தானின் எழுத்து பாதியில் வெட்டுப்படும். தளங்கள் தங்கள் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்த அனுமதிக்கும் கட்டத்தின் டிக்கை எடுக்கவேண்டாம். எடுத்தால் சில தளங்களில் பொத்தான் படங்கள் போய் வெற்றுக் கட்டம் தெரியும்.

குரோமில் தமிழுக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. அமைப்புகள், தோற்றம், எழுத்துருக்கள் என்று போனால் எல்லா எழுத்துக்கும் சேர்த்து ஒரே அளவு. ஒரு தளம் மட்டும் பொடியாக இருந்தால் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறி. அந்தத் தளத்துக்கு அந்த அளவை உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய அளவுக்குத் திரும்பக் கண்ட்ரோலும் பூஜ்யமும்.

*நிறத்தை வாகாக்கல்.* கடலைப் பார்த்த வாசலும் வெண்மணல் முற்றமும் உள்ள மையத்தில் பகல் வேளைக்கு இருள் தோற்றம் ஆகாது. கருத்த திரையில் வாசல் வெளிச்சம்தான் தெரியும், எழுத்து தெரியாது. பகலில் வெளிர் தோற்றம், ராத்திரியில் இருள் தோற்றம். விண்டோஸில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூன்றும் சேர்ந்து அழுந்திவிட்டால், உயர் வேறுபாட்டு நிறத்துக்கு மாறட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். படிக்காமல் என்டர் தட்டினால் திரை முழுக்கக் கறுத்துப்போகும். வைரஸ் என்று பயப்படவேண்டாம், அதே மூன்று விசைகளையும் மறுபடி அழுத்தினால் போதும்.

*முதல் பக்கத்தை வாகாக்கல்.* கடலுக்குப் போகிறவர்கள் தினமும் பார்ப்பது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையத்தின் தளத்தையும் சென்னை மண்டல வானிலை மையத்தின் பக்கத்தையும்தான். குரோமில் அமைப்புகளுக்குள் ‘தொடக்கத்தில்’ என்ற பகுதியில், குறிப்பிட்ட பக்கங்களைத் திற என்பதைத் தேர்ந்து இரண்டு முகவரியையும் சேருங்கள். பயர்பாக்ஸில் முகப்புப் பக்கத்துக்கான பெட்டியில் இரண்டையும் எழுதி நடுவில் ஒரு செங்குத்துக்கோடு போட்டால் இரண்டும் தனித்தனித் தாவலில் திறக்கும். புத்தகக்குறிக்கு ‘வடகடல்’, ‘தென்கடல்’ என்றே பெயர் வையுங்கள். பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் காற்று ஒன்றுபோல இருக்காது. ஆங்கிலத்தில் உள்ள நீளப் பெயரைப் படித்துப் பிரித்துப் பார்க்க விடிகாலையில் யாருக்கும் நேரமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடவேண்டும். ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்பதை இந்தக் கணினிகளில் தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்படித் தேர்ந்தெடுத்தால் உலாவி முந்தைய தாவல்களைத் தன் தற்காலிகச் சேமிப்பிலிருந்தே எடுத்துக் காட்டக்கூடும். முந்தின நாளின் ‘எச்சரிக்கை இல்லை’ இன்றையது மாதிரித் திரையில் நிற்கும். எப்படியானாலும் எஃப்5 அழுத்திப் பக்கத்தைப் புதுப்பித்து, அதில் உள்ள தேதியையும் நேரத்தையும் பார்த்த பிறகே படகு எடுப்பது பற்றிப் பேசவேண்டும்.

*பொதுக் கணினி.* விருந்தினர் சாளரத்தில் செய்த வாகாக்கம் மூடியதும் போய்விடும். பதிவிறக்கிய கோப்பு போகாது. ஆதார் நகல் பதிவிறக்கக் கோப்புறையிலேயே கிடக்கும். கையால் நீக்க வேண்டும், குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

வாகாக்கம் எங்கேயும் இடறவில்லை. இடறியது ஆளறிதல்தான். இ-சேவை மையத்தில் ஆளறிதல் என்றால் மேசைமேல் இருக்கும் கைரேகைக் கருவியைத்தான் நினைப்பார்கள். விரல் வைப்பது, முகம் காட்டுவது எல்லாம் ஆளை அறிவதுதானே. ‘ஆளறிதலை நிறுத்து’ என்றால் ஆதார் சரிபார்ப்பை நிறுத்துவதாகப் பொருள் கொள்வார்கள். விளம்பரத்துக்கு வேறு சொல் பாருங்கள்.

கீழக்கரையிலிருந்து

தங்கச்சி சொன்னது சரி. அடையாளம் காண்பதும் அதை வைத்துப் பொறுக்கிப் போடுவதும் வேறு வேறு வேலை. சொல் இரண்டாவதைத்தான் சொல்லவேண்டும்.

வாகாக்கத்துக்கு நான் சம்மதம். அந்த ஒற்றுக் காரணம் ஒன்றே போதும்.

மண்டபத்திலிருந்து

ஆளறிதலை எடுத்துவிடுவோம். அதற்குப் பதில் ‘ஆள்பார்த்தல்’. ஆள் பார்த்துப் போடுகிறார்கள், ஆள் பார்த்து விலை சொல்கிறார்கள் என்கிறோமே, அதே ஆள்பார்த்தல். ஆள்பார்த்த விளம்பரம், ஆள்பார்த்த பரிந்துரை. கைரேகையோடு இது மோதாது.

குறிப்புத்தாளுக்கு அதன் பகுதி:

*ஆள்பார்த்தலை நிறுத்த.* கூகுள் கணக்கில் நுழைந்து, விளம்பர மையத்தின் மேல்மூலையில் உள்ள பொத்தானை அணைக்கவும். விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது. பக்கத்தில் உள்ள பொருளையும் நீங்கள் இருக்கும் பகுதியையும் வைத்துப் பொதுவாக வரும். யூடியூபுக்குக் கணக்கின் தரவுப் பகுதியில் யூடியூப் வரலாற்றை அணைக்கவும். பழைய வரலாற்றையும் அழித்துவிட்டால் முகப்பில் பரிந்துரைகள் வராமல் வெறுமையாக இருக்கும். அது பழுதன்று. முழுக்க அணைக்க விரும்பாதவர் 3, 18, 36 மாதங்களில் ஒன்றைத் தேர்ந்து, அதைவிடப் பழைய வரலாறு தானாக அழியும்படி வைக்கலாம்.

கூடவே ஒரு வரி: திரையை அழகாக்கும் நீட்சி (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) என்று சொல்லி வருபவை ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்க, மாற்ற’ அனுமதி கேட்டால் நிறுவக் கூடாது. உலாவியின் நிறத்தை மட்டும் மாற்ற அந்த அனுமதி தேவையில்லை. ஏற்கெனவே நிறுவித் தேடுபொறி மாறிப்போயிருந்தால், குரோம் அமைப்புகளின் கடைசியில் உள்ள மீட்டமைப்பைப் பயன்படுத்தலாம். நீட்சிகள் முடங்கும், புத்தகக்குறியும் சேமித்த கடவுச்சொல்லும் அப்படியே இருக்கும்.

தொண்டியிலிருந்து

ஆள்பார்த்தல் பேச்சில் நன்றாக விழுகிறது. ஒரு தயக்கம் மட்டும்: ஓரவஞ்சனை என்ற வாடை அதில் இருக்கிறது. கலைச்சொல் குற்றம் சாட்டலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து

அண்ணே, ஒரே சொல்லை இரண்டு பேர் தேடினால் இரண்டு விதமாகக் காட்டுவதுதான் அங்கே நடக்கிறது. அந்தச் சொல் நடப்பதைத்தான் சொல்கிறது. சிலருக்கு அது உதவியாகவும் இருக்கும். அவர்கள் அணைக்காமல் விட்டுவிடட்டும். வாடையை எடுக்கவேண்டும் என்று ‘ஏற்பு’, ‘இசைவு’ என்று போனால் திரும்பவும் முதல் குழப்பத்துக்கே வந்து சேர்வோம். நாம் செய்வதா அவர்கள் செய்வதா என்று தெரியாமல் போகும். பார்க்கிறவர் வேறு ஒருவர் என்பது ஆள்பார்த்தலில் கேட்டவுடன் புரிகிறது.

தொண்டியிலிருந்து

ஒப்புக்கொள்கிறேன். சொற்பட்டியலில் ஏற்றுவதற்கு:

வாகாக்கு – வினை, பொத்தானுக்கு. வாகாக்கம் – பெயர், பக்கத் தலைப்புக்கு. வாகாக்கத்தக்க – பெயரடை. ஆள்பார்த்தல் – பெயர். ஆள்பார்த்த – பெயரடை. பின்னால் விளம்பரம், பரிந்துரை, தேடல்முடிவு என்று ஏதாவது ஒரு பெயர் கட்டாயம் வரவேண்டும், தனியாக நிற்காது. பொத்தானில் ‘ஆள்பார்த்தலை நிறுத்து’. அடுத்து வருவது நகரம் என்பதால் இங்கேயும் ஒற்று வேண்டாம். தனிப்பயனாக்கம் என்ற பதிவை நீக்காமல், ‘வாகாக்கம், ஆள்பார்த்தல் இரண்டையும் பார்க்க’ என்று குறிப்புப் போட்டுவிடுகிறேன்.

‘புரொபைல்’ என்பதற்குச் சுயவிவரம் பொருந்துமா என்பதைத் தனி இழையில் தொடங்குங்கள். ஒரே கணினியில் நான்கு பேருக்கு நான்கு வாகாக்கம் வைப்பதை எழுதும்போது அந்தச் சொல் கட்டாயம் தேவைப்படும்.