தென்காசி ரோட்டில் அடிபட்ட வாவல்: நீங்க பாத்ததையும் சொல்லுங்க

போன பங்குனியில ஒருநாள், ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும். பாவூர்சத்திரத்துல ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிட்டு பைக்கில் திருநெல்வேலிக்குத் திரும்பிட்டிருந்தேன். ஆலங்குளம் தாண்டினதும், முன்னால போன லாரியில ஏதோ மோதி ரோட்டோரம் விழுந்துச்சு. இறங்கிப் பாத்தா பழந்தின்னி வாவல். கருத்த சவ்வுக்குள்ள விரலெலும்பு மட்டும் வெளிறித் தெரிஞ்சுது. வாயில மென்னு முடிக்காத கொய்யாச் சதை.

துண்டை வச்சுப் புரட்டினேன். (வெறுங்கையால தொட்டுராதீங்க, வெறிநோய் பயம் உண்டு.) மாரோட ஒட்டி ஒரு குட்டி. செத்த தாயோட காம்பைக் கவ்வினது கவ்வினபடி, உயிரோட இருக்கு. பிரிக்க மனசு வரலை. அப்படியே சுத்தி வீட்டுக்குக் கொண்டு போனேன். விடியுமுன்ன அதுவும் போயிருச்சு. இந்த இனம் வருசத்துக்கு ரெண்டு ஈத்து, ஈத்துக்கு ஒரே குட்டிதான். மருதமரத்துல தொங்குற பெரிய வாவலுக்கு வருசத்துக்கே ஒண்ணு. இழந்ததை ஈடுகட்ட எத்தனை வருசம் ஆகும், யோசிங்க.

முன்ன அந்த ரோட்டுல ரெண்டு பக்கத்துக் கிளையும் மேல கூடி நிக்கும். வாவல் மரவரிசையைப் பிடிச்சுத்தான் போகும். கிளை கூடின இடத்துல வண்டிக்கு மேலயே தாண்டிரும். நால்வழிச் சாலைக்காக மரங்களை வெட்டினாங்க. வெட்டவெளியில பல வாவல்கள் தாழ இறங்கிப் பறக்கும், சரியா லாரி கண்ணாடி உயரத்துக்கு.

*

அண்ணாச்சி, நீங்க எழுதினதைப் படிச்சதும் எங்க ஆச்சி ஞாபகம். விடியக்காலம் ஓலைப்பெட்டியோட இலுப்பை மரத்தடிக்குப் போவா. வாவல் சதையைத் தின்னுட்டுப் போட்ட கொட்டையைப் பொறுக்கி ஆட்டித்தான் கோயில் விளக்குக்கு எண்ணெய். இப்ப மரம் ரோட்டுக்கு ஒரு பக்கம், வாவல் அடையிற இடம் மறுபக்கம். தினம் ரெண்டு தடவை தாண்டணும்.

*

அடிபட்டுச் சாகிறதை மட்டும் கணக்கு வச்சா போதாது. இங்கிலாந்துல எம்6 நெடுஞ்சாலைப் பக்கம் ஆராய்ச்சி பண்ணி 2012-ல வெளியிட்டாங்க. ரோட்டை ஒட்டின இடத்தைவிட 1.6 கிலோமீட்டர் தள்ளி வாவல் நடமாட்டம் மூணு மடங்குக்கு மேல. ரோடு பக்கமே அதுக ஒதுங்கிருது. பூச்சி நகர்ற சத்தத்தைக் காதால கேட்டு இரை பிடிக்கிற இனங்களும் உண்டு; வண்டி இரைச்சல்ல அதுகளுக்கு எப்படிக் கேட்கும்?

எங்க ஊர் பக்கம் ரோட்டுக்கு அடியில ஒரு ஓடைப்பாலம். பொழுதடையிற நேரம் போய் நின்னேன். பூச்சி தின்னும் சின்ன வாவல்கள் ஒண்ணு பின்னால ஒண்ணா பாலத்துக்கு அடியிலேயே புகுந்து மறுபக்கம் வயலுக்குப் போகுது. தலைக்கு மேல லாரி ஓடுது, கீழ அதுக பாட்டுக்குப் போகுது. ஆனா பாலத்து வாயில பாதி சீமைக்கருவேல் அடைச்சுக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை காலையில நாலு பேர் அருவா, மம்பட்டியோட போறோம். பக்கத்துல இருக்கிறவங்க வாங்க.