ரூம்மேட்டுக்கு எம்பாக்ஸ் (குரங்கம்மை), மனைவி ஏழு மாதம். ஊருக்குப் போகலாமா?

கடலோரக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஷார்ஜாவில் பெட்ஸ்பேஸில் இருக்கிறேன். ஒரு ரூமில் ஆறு பேர், எல்லோரும் ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள். எனக்கு மேல் கட்டிலில் படுப்பவருக்குப் போன வாரம் காய்ச்சலும் முதுகுவலியும் வந்தது, ஏசி குளிர் ஒத்துக்கவில்லை என்று பனடால் போட்டுப் படுத்துவிட்டார். அப்புறம் முகத்திலும் உள்ளங்கையிலும் கொப்புளம் கிளம்பியது, கிளினிக்கில் பார்த்தவுடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். எம்பாக்ஸ் என்று உறுதியாகி இப்போது தனி வார்டில் இருக்கிறார். போனில் பேசுகிறார், பயப்படும்படி ஒன்றும் இல்லை என்கிறார்.

என் கவலை வேறு. அடுத்த வாரம் எனக்கு டிக்கெட். மனைவிக்கு ஏழு மாதம், வளைகாப்பு வைத்திருக்கிறார்கள். என் உடம்பில் இதுவரை ஒன்றும் இல்லை. ஆனால் ரூமில் எங்கள் பழக்கம் எப்படி என்றால், என் டிரிம்மரை அவரும் எடுப்பார், குளித்துவிட்டு வந்தால் கொடியில் கையில் கிடைத்த துண்டுதான், கைலி, பெட்ஷீட் எல்லாம் ஒரே மெஷினில் போகும், கீழக்கரை நண்பர் பிரியாணி கொண்டுவந்தால் ஒரே சஹனில் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். இது கொரோனா மாதிரி காற்றில் பரவுமா, தொட்டால்தானா? டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று வந்துவிட்டால் கிளம்பலாமா? ரூமில் இரண்டு பேர் "கம்பெனிக்கு மூச்சு விடாதே, எல்லோரையும் அடைத்துவிடுவார்கள்" என்கிறார்கள். ராத்திரி தூக்கமே இல்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வார்டு அக்கா எழுதியது:

தம்பி, நான் அபுதாபியில் நர்ஸாக இருக்கிறேன். டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தைக் கீழே எழுதுகிறேன், முழுசாகப் படியுங்கள்.

இந்த வைரஸ் உடம்புக்குள் போய் அறிகுறி காட்ட 3 முதல் 21 நாள் வரை எடுக்கும். அதனால்தான் நோயாளியோடு நெருக்கமாக இருந்தவர்களை, கடைசியாக அவரையோ அவர் துணிமணியையோ தொட்ட நாளிலிருந்து 21 நாள் கவனிக்கச் சொல்கிறோம். அந்த நாட்களில் பயணம் போக வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆலோசனையும். அறிகுறி தெரிவதற்கு 1 முதல் 4 நாள் முன்பே சிலரிடமிருந்து பரவியிருக்கிறது, ஆகவே "உடம்பு நன்றாக இருக்கிறது" என்பதை மட்டும் நம்பி மனைவி பக்கத்தில் போகக் கூடாது. கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகலாம், கரு கலைந்ததும் குழந்தை வயிற்றிலேயே இறந்ததும் பதிவாகியிருக்கிறது. கைக்குழந்தைகளுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், முக்கியமாக எச்ஐவி இருந்தும் மருந்து எடுக்காதவர்களுக்கும் இது கடுமையாகப் போகும். வளைகாப்பை ஒன்பதாம் மாதமும் செய்கிறார்களே, வீட்டில் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

டெஸ்ட் விஷயம். கொப்புளத்தில் குச்சியால் தேய்த்து எடுக்கும் நீர், இல்லையென்றால் உதிரும் பொருக்கு, இதில்தான் பிசிஆர் பார்ப்பார்கள். உங்கள் தோலில் ஒன்றுமே இல்லாதபோது எதைத் தேய்த்து எடுப்பது? இப்போது ரத்தம் கொடுத்து நெகட்டிவ் பேப்பர் வாங்கினாலும் அதை நம்பிக் கிளம்ப முடியாது. ஏர்போர்ட் கேமராவில் காய்ச்சல் காட்டவில்லை என்பதும் அப்படித்தான், காய்ச்சலே இல்லாமல் கொப்புளம் மட்டும் வருபவர்களும் இருக்கிறார்கள்.

எப்படிப் பரவும் என்று கேட்டீர்கள். தோலோடு தோல் உரசுவது, உடலுறவு, முத்தம், முகத்துக்கு முகம் நெருங்கி ரொம்ப நேரம் பேசுவது, அப்புறம் நோயாளியின் துண்டு, படுக்கை, உடை, ரேசர். கொரோனா மாதிரி ஒரே பஸ்ஸில் தூரத்தில் உட்கார்ந்தவருக்கு இது சுலபமாகப் போகாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் டிரிம்மரும் துண்டும்தான் எனக்குக் கவலை. டிரிம்மர் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், வைரஸுக்கு அதுவே வழி. அதைக் கழுவி வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்காதீர்கள், பையில் கட்டித் தூக்கிப் போடுங்கள்.

அவர் படுக்கையைச் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து எடுக்கவில்லை என்றால், கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, பெட்ஷீட்டை உதறாமல் அப்படியே உள்பக்கமாகச் சுருட்டி மெஷினில் போட்டு, வெந்நீரும் சோப்புத்தூளும் வைத்துத் தனியாக ஓட்டுங்கள். உதறினால் காய்ந்த பொருக்குத் தூள் பறக்கும், அதில் வைரஸ் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். தரையைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ப்ளீச் கலந்த தண்ணீரால் துடையுங்கள். கட்டில் கம்பி, ஏணி, கதவுப் பிடி, ரிமோட், போன் சார்ஜர் எதையும் விடாதீர்கள்.

தினம் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். குளிக்கும்போது உடம்பு முழுக்கக் கண்ணாடியில் பாருங்கள், பிறப்புறுப்பும் ஆசனவாயும் சேர்த்து, வாய்க்குள்ளும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சின்னம்மையில் நெறி கட்டுவது குறைவு, இதில் நிறையப் பேருக்குக் கட்டும். இந்த நாட்களில் ரத்த தானம் வேண்டாம், யாரோடும் உறவு வேண்டாம்.

கம்பெனிக்கு மறைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி ஏற்கெனவே உங்கள் ரூம்மேட்டிடம் யார் யாரோடு இருந்தார் என்று கேட்டிருக்கும். நீங்களே போன் செய்து சொன்னால், தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் தடுப்பூசி போட வாய்ப்பு இருக்கிறதா என்றும் கேட்கலாம், முதல் 4 நாளுக்குள் என்றால் இன்னும் நல்லது. ஒளிந்திருந்தால் அந்த நாட்கள் வீணாகப் போகும்.

---

வடகாற்று எழுதியது:

நான் லண்டனில் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரன். 2022இல் எனக்கு இது வந்தது. கொப்புளம் என்றவுடனே உடம்பெல்லாம் நிறைந்திருக்கும் என்று நினைப்பீர்கள், எனக்கு மொத்தமே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். முதலில் சிவந்த புள்ளி, பிறகு தடிப்பு, பிறகு உள்ளே வெள்ளையாகக் கெட்டிப்பட்டு நடுவில் ஒரு சின்னக் குழி விழுந்தது. பார்க்கப் பரு மாதிரி, ஆனால் அமுக்கினால் உள்ளே இறுக்கமாக இருக்கும். ஆசனவாயில் வந்ததுதான் உயிரை எடுத்தது, மலம் கழிக்கப் போவதற்கே பயமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எத்தனையோ பேர் மூலத்துக்குக் களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். வெட்கப்படாதீர்கள், வலி மருந்தும் மலத்தை இளக்கும் மருந்தும் தந்தார்கள், பெரிய ஆறுதல்.

அந்த வருடம் இங்கே அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். அதனால் எனக்கு நடந்த கொடுமை நோயை விடப் பெரிது, தெரிந்த ஆட்களே "அந்த மாதிரி ஆட்களுக்கு வருகிற வருத்தம்" என்று கதைத்தார்கள். வைரஸுக்கு ஆணும் தெரியாது பெண்ணும் தெரியாது, கொங்கோவில் இந்த நோயில் இறந்தவர்களில் பெரும்பகுதி குழந்தைகள். மனிதரில் முதன்முதலில் 1970இல் அங்கேதான் கண்டுபிடித்தார்கள், அது 9 மாதக் குழந்தை. உங்கள் ரூம்மேட்டிடம் யாரும் "எங்கே போய் வாங்கி வந்தாய்" என்று கேட்க வேண்டாம். அவர் ஆட்களைச் சொல்லப் பயந்தால் அந்த ஆட்களுக்கு யாரும் எச்சரிக்கை கொடுக்க முடியாமல் போகும்.

இன்னொன்று, சொறியவே கூடாது. சொறிந்த கையால் கண்ணைத் தொட்டால் பார்வைக்கே ஆபத்து. கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே டாக்டர். கொப்புளம் இருக்கும் இடத்தில் ஷேவ் செய்யாதீர்கள். கடைசிப் பொருக்கும் விழுந்து புதுத் தோல் வரும் வரை என்னை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள், சுகமான பிறகும் 12 கிழமை (வாரம்) ஆணுறை போடச் சொன்னார்கள்.

---

கடலோரக்காரன் எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி சகோ. டிக்கெட்டை மாற்றிவிட்டேன், காசு கொஞ்சம் போனது பரவாயில்லை. சூப்பர்வைசரிடமும் சொல்லியாச்சு. இன்னும் இரண்டு சந்தேகம். சின்ன வயசில் எனக்குச் சின்னம்மை வந்திருக்கிறது, அது காப்பாற்றுமா? அம்மாவுக்குக் கையில் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு வட்டம் இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? அம்மா "வந்தால் ஊருக்கு வந்துவிடு, வேப்பிலையில் படுக்க வைத்து நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.

---

ஓய்வு சுகாதார ஆய்வாளர் எழுதியது:

சின்னம்மை காப்பாற்றாது தம்பி. அது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ், இது பெரியம்மையின் குடும்பம். இரண்டும் கொப்புளம் போடுகிறது என்பதைத் தவிர உறவே இல்லை. அம்மா கையில் இருப்பது பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பாக இருக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊரில் பெரியவர்கள் கையில் எல்லாம் அது இருக்கும். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975இல், உலகத்திலேயே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள், அந்த ஊசியும் நின்றுபோனது. அந்த ஊசி போட்டவர்களுக்கு எம்பாக்ஸிலிருந்தும் நல்ல பாதுகாப்பு இருந்ததை அந்தக் காலத்து ஆய்வுகளிலேயே பார்த்தார்கள். ஆனால் வருஷம் போகப் போக அது குறையும், அம்மாவை நம்பி உட்கார வேண்டாம். உங்கள் தலைமுறைக்கு அதுவும் இல்லை.

வேப்பிலை பற்றி. ஆத்தா மேல் எனக்கும் பக்தி உண்டு, வாசலில் வேப்பிலை சொருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டான், நோயாளி தனியாக இருப்பான், அது நல்ல வழக்கம்தான். பிரச்சினை எங்கே என்றால், அம்மை போட்டிருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டக் கூடாது என்பார்கள், பார்த்துக்கொள்பவர் கையுறை இல்லாமல் வேப்பிலையால் வருடிக்கொடுப்பார், மூன்று தண்ணீர் ஊற்றிவிட்டால் சரியாகிவிட்டது என்று பையனைப் பேரப்பிள்ளைகள் நடுவில் விட்டுவிடுவார்கள். எம்பாக்ஸ் 2 முதல் 4 வாரம் இழுக்கும். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்போது பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் பரவும் காலம் முடியவில்லை. பரிமாறுவதும் குளிப்பாட்டுவதும் வீட்டில் ஒரே ஆள், மாஸ்க், கையுறை, வேலை முடிந்தவுடன் சோப்பு, அவ்வளவையும் வைத்துக்கொண்டு வேப்பிலையையும் வாசலில் வைக்கட்டும், நான் தடுக்கமாட்டேன்.

மறைப்பதைப் பற்றி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2022 ஜூலையில் அமீரகத்திலிருந்து திருச்சூருக்கு வந்த ஓர் இளைஞர் இந்த நோயோடு இறந்துபோனார். அங்கே எடுத்த டெஸ்டில் பாசிட்டிவ் வந்திருந்தது, ஆஸ்பத்திரிக்கு அது தெரியவந்தது கடைசியில்தான். 2024 செப்டம்பரில் மலப்புரத்தில் அமீரகத்திலிருந்து வந்த ஒருவருக்குத்தான் இந்தியாவில் முதல்முறையாக இந்த வைரஸின் ஒன்றாம் வகையைக் கண்டுபிடித்தார்கள், அது கொஞ்சம் கடுமையான வகை. அவரைத் தனியாக வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள், குணமானார். நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள், 2022இல் ஆரம்பித்த அலையில் 2024 நடுப்பகுதி வரை 1 லட்சம் பேர்போல உறுதியானதில் இறப்பு சில நூறுதான். டாக்டர் கையில் வேளைக்குத் தகவல் போவது முக்கியம்.

---

வார்டு அக்கா எழுதியது:

ஐயா சொன்னதே சரி. தடுப்பூசி பற்றி இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள், இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் ஆகும். எம்விஏ-பிஎன் என்ற ஊசி, 28 நாள் இடைவெளியில் 2 டோஸ், 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. ஆபத்தில் இருப்பவர்களுக்கும் நோயாளியோடு இருந்தவர்களுக்கும்தான் கொடுக்கிறார்கள், இந்தியாவில் பொதுமக்களுக்குப் போடுவதில்லை, அதனால் ஊரில் மெடிக்கல் கடையில் தேட வேண்டாம். சிகிச்சை என்று பார்த்தால் வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து, புண்ணில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது, தண்ணீரும் சாப்பாடும் நன்றாகக் கொடுப்பது, இவைதான். டெகோவிரிமாட் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைப் பெரிதாகச் சொன்னார்கள், கொங்கோவில் நடந்த ஆய்வில் அது கொப்புளத்தைச் சீக்கிரம் ஆற்றவில்லை, ஆனால் மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஆஸ்பத்திரியில் கவனமாகப் பார்த்த எல்லோரிடமும் இறப்பு 1.7 சதவீதமாகக் குறைந்தது.

21 நாளுக்குள் ஒரே ஒரு கொப்புளம் வந்தாலும் டாக்ஸி பிடித்து நேராக ஓபியில் போய் வரிசையில் நிற்காதீர்கள். முதலில் போன், "எம்பாக்ஸ் நோயாளியோடு ஒரே ரூமில் இருந்தேன்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள், எந்த வாசலில் வரச் சொல்கிறார்களோ அங்கே முழுக்கை சட்டை, மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள். நாள் முடிந்து ஊருக்குப் போன பிறகு சந்தேகம் வந்தால் 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், அவர்கள் வழி சொல்வார்கள்.