மூணு கொட்டேஷனும் காலண்டர் தாளும்

பள்ளிபாளையம்:
நிதி பிரயாஸ் வாங்கினவங்க இருக்கீங்களான்னு கேட்டிருந்தீங்க. நான் வாங்கினேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட திட்டம், முன்மாதிரி செய்ய 10 லட்சம் வரைக்கும். கடன் இல்லை, கம்பெனியில பங்கும் கேட்க மாட்டாங்க. அவங்க அங்கீகரிச்ச இன்குபேட்டர் (புதுத் தொழில் தொடங்குறவங்களுக்குக் கைகொடுக்குற மையம்) வழியா விண்ணப்பிக்கணும்.

என்னோடது பழைய விசைத்தறிக்கான கருவி. பாவுல, அதாவது தறியில நீளவாக்குல ஓடுற நூல்ல, ஒரு இழை அறுந்தா தறி தானா நிக்கணும். நேர்காணல்ல முதல் கேள்வியே, "ஏர்ஜெட் மாதிரி நவீனத் தறியில ஏற்கெனவே இருக்கே, இதுல என்ன புதுசு?" பதினஞ்சு ஸ்லைடோட போனவன் வாயடைச்சு நின்னேன். அப்புறம் போனை எடுத்து மாமா தறிக்குடோன் வீடியோவைப் போட்டேன். அந்தத் தறி ஆடுற ஆட்டத்துல, நான் முதல்ல வாங்கி மாட்டின சென்சார் இழை அறாமலே நிறுத்திக்கிட்டே இருந்துச்சு. எது அதிர்வு, எது அறுப்புன்னு என் கருவி பிரிக்குறதைக் காட்டினதும் ரெண்டு பேர் நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டாங்க. ஸ்லைடை யாரும் கேக்கவேயில்லை.

வாங்கினது கூடப் பெரிசில்லைங்க, செலவு பண்றதுதான் பாடு. பன்னெண்டு பிராக்கெட்டுக்கு மூணு கொட்டேஷன் கேட்டாங்க. எங்க லேத் பட்டறை அண்ணன் தினக்காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கத்துல "பிராக்கெட் 12, ஒண்ணு 180" னு எழுதிக் கையில குடுத்தார். "பில்லா? புக்கே அடிக்கலையே தம்பி!" கடைசியில ஆத்தைத் தாண்டி ஈரோட்டுல, அதே வேலையை 310க்கு பில்லோட முடிச்சேன். அரசாங்கப் பணத்தை மிச்சம் பண்ணத்தான் அந்த விதியாம்.

மதுரை:
நாங்க வாங்கினது பைராக்கோட (உயிரித் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு அமைப்பு) பிக் மானியம். 50 லட்சம் வரைக்கும், 18 மாசம். உயிரித் தொழில்நுட்பக்காரங்களுக்கு நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். தப்பு என்னோடதுதான். நோயாளிகள்கிட்ட 200 சாம்பிள் எடுக்குறதை முதல் மூணு மாச மைல்கல்லா எழுதிட்டேன். ஆஸ்பத்திரி நெறிமுறைக் குழு கூடி அனுமதி தரவே நாலு மாசம். மைல்கல் முடிஞ்சாத்தானே அடுத்த தவணை? ரெண்டு பையன்களுக்குச் சம்பளம் போட வீட்டம்மா வளையல் அடகுக்குப் போச்சு. திட்ட அதிகாரிகிட்டப் புலம்பினா, "முன்னாடியே ஒரு மெயில் போட்டிருந்தா கால நீட்டிப்பு கேட்டிருக்கலாமே சார்"ங்கிறார். அனுமதி வாங்குறதையே தனி மைல்கல்லா எழுதுங்கப்பா.

சென்னை:
பங்கு பத்தி மேல சொன்னதால ஒண்ணு. மாநில அரசு ஸ்டார்ட்அப்களுக்குக் குடுக்குற டான்சீட் நிதியில 3 சதவீதப் பங்கு எடுத்துப்பாங்க, அதையும் கணக்குல வைங்க. எனக்கு வந்தது வேற ஒரு மத்திய மானியம். தனிக் கணக்கு தொடங்கி அதுல மட்டும் வெச்சிருந்தேன். வருஷக் கடைசியில ஆடிட்டர் பயன்பாட்டுச் சான்றிதழ் (மானியத்தை எதுக்குச் செலவு பண்ணோம்னு காட்டுறது) போடும்போது, "இந்த வட்டி உங்களுது இல்லை, திருப்பிக் கட்டணும்"னார். 1,846 ரூபாய். அதுல ஆபீசுக்கு ஃபேன் வாங்கியாச்சு! கைக்காசைப் போட்டுக் கட்டினேன்.

பள்ளிபாளையம்:
ஃபேனுக்கு மூணு கொட்டேஷன் வாங்கினீங்களா சார்? 😀 எங்க லேத் அண்ணன் இப்ப ஜிஎஸ்டி எடுத்துட்டார். கொட்டேஷன் இன்னும் காலண்டர் தாள்லதான், மேல நம்பரை மட்டும் எழுதிடுறார்.