நெடுவரிசை குலையாத எழுத்துருவுக்கு ஒரு பெயர்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வெற்றுரை மின்னஞ்சலில் பெயரை ஒரு நெடுவரிசையிலும் தொகையை அடுத்த நெடுவரிசையிலும் வைத்து, நடுவே இடவெளிகளால் நிரப்பி அனுப்பும் பட்டியல், பெறுபவர் திரையிலும் நேராக நிற்க வேண்டுமானால் இருபுறமும் கூரியர் போன்ற மோனோஸ்பேஸ் எழுத்துரு, அதாவது எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் எழுத்துரு, இருந்தாக வேண்டும். இதைத் தமிழில் 'ஒற்றை இடைவெளி எழுத்துரு' என்பது பொருந்தாது. அது வரிகளுக்கு நடுவே விடும் இடத்தையே நினைவூட்டும். 'சமவகல எழுத்துரு' தெளிவான பெயர்தான், ஆனால் அது ஆங்கிலத்துக்கே முழுமையாகப் பொருந்துகிறது. தமிழில் 'ர'வையும் 'ணௌ'வையும் ஒரே அகலத்தில் அடைத்தால் ஒன்று தனித்து நிற்கும், மற்றது படிக்க முடியாதபடி நசுங்கிவிடும்.

அகலம் ஒருபுறமிருக்க, எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு. 'மின்னஞ்சல்' என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் 6, புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியே கொண்டு கணினி சேமிக்கும் யூனிகோடு குறியீடுகளோ 10. 'பணம்' என்பதில் அவை முறையே 3, 4. கணினி நிரலானது இந்த யூனிகோடு குறியீடுகளை எண்ணி, ஒவ்வொரு சொல்லையும் 12 இடங்களுக்கு நிரப்பினால், முதல் வரியில் அடுத்த நெடுவரிசை 8 எழுத்திடங்களுக்குப் பின்னும், இரண்டாம் வரியில் 11 எழுத்திடங்களுக்குப் பின்னும் தொடங்கும். யூனிகோடின் வகைப்பாட்டில் இகரக் குறி இடங்கொள்ளும் குறியாகவும், ஈகாரக் குறியும் புள்ளியும் இடங்கொள்ளாக் குறிகளாகவும் இருப்பதால், அவ்வகைப்பாட்டை அப்படியே பின்பற்றும் முனையத்தில் (கட்டளைகளை எழுத்துகளாகத் தட்டும் கணினிச் சாளரத்தில்) 'நி' இரண்டு இடங்களையும் 'நீ' ஓரிடத்தையும் பெறுகின்றன. தமிழ் படித்த எவருக்கும் இது விளங்காது.

ஆகவே எழுத்தை விட்டு, அது அமரும் இடத்தை அலகாகக் கொண்டு 'கட்ட அகல எழுத்துரு' என்று பெயரிடலாம் என்பது என் பரிந்துரை. 'ர' ஒரு கட்டம், 'ண' இரண்டு, 'கொ' மூன்று என ஒவ்வோர் எழுத்தும் முழு எண்ணிக்கையில் கட்டங்களைக் கொள்ளும். பாதிக் கட்டம் கிடையாது. சீன, சப்பானிய எழுத்துகளுக்கு இரண்டு இடமும் ஆங்கில எழுத்துக்கு ஓரிடமும் தரும் வழக்கம் முன்பே நிலைபெற்றிருப்பதால், இக்கருத்து கணினிக்குப் புதிதன்று. இந்த இடத்தைக் 'கலம்' எனலாமே என்றால், அச்சொல் விரிதாளின் 'செல்' என்னும் பொருளில் வேரூன்றிவிட்டது; கட்டம் போட்ட நோட்டில் கணக்கு எழுதிப் பழகியவருக்குக் 'கட்டம்' உடனே புரியும். 'முதற்கட்டம்' என்னும் வழக்கோடு மயங்குமே என்பார்க்கு, 'அகலம்' உடனிருக்கையில் அம்மயக்கம் எழாது என்பேன். சந்தி சேர்த்துக் 'கட்டவகலம்' என்றால் படிப்பவர் தடுமாறுவர், பிரித்தே எழுதுவோம்.

அத்தகைய எழுத்துரு பரவலாகும் வரை, பட்டியலில் எண்களை முதலிலும் தமிழ்ப் பெயரை வரியின் இறுதியிலும் வைத்தால், பெயரின் அகலம் எதையும் நகர்த்தாது.