ஐஸ்லாந்தில் பனியாற்று நடை: முழங்கால் வலி உள்ளவர் போகலாமா?

கேள்வி – தென்காசிக்காரர்

வரும் செப்டம்பரில் மகளுடன் ஐஸ்லாந்து செல்கிறேன். தலைநகர் ரேக்யவிக்கில் தங்கப்போவதால், அங்கிருந்து ஏறக்குறைய 160 கி.மீ. தொலைவிலுள்ள சோல்ஹெய்மயோகுல் பனியாற்றில் வழிகாட்டியுடன் நடக்க வேண்டும் என்று மகள் விரும்புகிறாள். எனக்கு வயது 56. குற்றாலத்துப் பாறைகளைத் தவிர வழுக்கும் எதன் மீதும் நான் நடந்ததில்லை. படியிறங்கும்போது இடது முழங்கால் வலிக்கும். நானும் ஏறலாமா, கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

பதில் – கம்பளிக்குல்லா

நான் 58 வயதில் அதே பனியாற்றில் நடந்தேன். வழுக்கிவிடுமோ என்ற அச்சம் முதல் பத்து நிமிடங்களில் போய்விடும். ஏனெனில் காலணிக்கு அடியில் வாரால் இறுக்கிக் கட்டப்படும் கிராம்பான் என்னும் இரும்பு முட்கள் பனிக்கட்டியைக் கவ்விக்கொள்கின்றன. நம் வழக்கப்படி குதிகாலை முதலில் ஊன்றாமல், பாதம் முழுவதையும் தட்டையாக, சற்று அழுத்தி வைக்க வேண்டும். ஒரு காலின் முள் மற்றக் காலின் பேண்டில் மாட்டினால் விழுவது உறுதி என்பதால், கால்களைச் சிறிது அகற்றி நடக்கச் சொல்வார்கள். பார்ப்பவர்களுக்கு வாத்து நடைதான்.

உங்கள் முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். முழங்காலைச் சற்று மடக்கி, சிறு சிறு அடிகளாக இறங்கினால் நான் சமாளித்தது போல் நீங்களும் சமாளிக்கலாம். ஆனாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டு, மிகக் குறுகிய, எளிய நடையையே பதிவு செய்யுங்கள். வலியைப் பற்றி வழிகாட்டியிடம் கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள். பாதி வழியில் சொன்னால், குழுவை விட்டு உங்களைத் தனியே திருப்பி அனுப்ப அவரால் இயலாது.

பதில் – மழைக்கோட்டு

காலணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணுக்காலை மூடும், அடிப்பகுதி எளிதில் வளையாத மலையேற்றக் காலணி இல்லாவிட்டால் கிராம்பான் சரியாகப் பொருந்தாது. பொதுவாக அதை வாடகைக்குத் தருவார்கள். கால் அளவை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நான் ஜீன்ஸோடு போய், மழையில் அது நனைந்து கனத்து, மாலை வரை நடுங்கினேன். கம்பளி உள்ளாடையும் மேலே நீர்புகா உடையும் அணியுங்கள். கையுறை கட்டாயம், விழுந்து கையூன்றினால் பனிக்கட்டி தோலைச் சீய்த்துவிடும்.

பதில் – வடதிசை

கரையில் நின்று பார்ப்பதில் தவறில்லை. பனியாற்றின் முன்னே உருவாகியிருக்கும் ஏரியின் பக்கம் வரை யாரும் போகலாம். ஆனால் வழிகாட்டி இல்லாமல் பனிக்கட்டியின் மீது ஓரடியும் வைக்காதீர்கள். பனிப்பிளவுகளும், உருகுநீர் சுழன்றிறங்கும் ஆழ்குழிகளும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், நேற்றைய பாதை இன்று இருக்கும் என்ற உறுதி இல்லை. வழிகாட்டி இருந்தாலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது: 2024 ஆகஸ்டில் ப்ரெய்தமெர்குர்யோகுல் என்னும் வேறொரு ஐஸ்லாந்துப் பனியாற்றில் வழிகாட்டியுடன் சென்ற குழுவின் மீது பனி சரிந்து ஒருவர் இறந்தார். ஆகவே வழிகாட்டி இன்று வேண்டாம் என்றால், கட்டிய பணத்தை எண்ணி வாதாடாதீர்கள்.

இந்தப் பனியாறு வேகமாகப் பின்வாங்கியும் வருகிறது. அருகிலுள்ள பள்ளி மாணவர்கள் 2010 முதல் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் அதன் பின்வாங்கலை அளந்து வருகிறார்கள். அது பின்வாங்கப் பின்வாங்க, வாகன நிறுத்தத்திலிருந்து பனியைத் தொடுவதற்கான நடையும் நீள்கிறது. முழங்காலுக்கான கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தென்காசிக்காரர்

அனைவருக்கும் நன்றி. குறுகிய நடையையே பதிவு செய்கிறேன். ஒரு சிறு ஐயம்: படங்களில் பனிக்கட்டி கறுப்பாகத் தெரிகிறதே, அது அழுக்கா?

பதில் – வடதிசை

பெரும்பாலும் எரிமலைச் சாம்பல். அந்தப் பனியாறு மிர்தல்ஸ்யோகுல் என்னும் பெரும் பனிக்கவிகையிலிருந்து இறங்குகிறது. அக்கவிகைக்கு அடியில் 1918-இல் பெரிதாக வெடித்த கட்லா எரிமலை இருக்கிறது. பக்கத்திலுள்ள எயாஃப்யாட்லயோகுல் 2010-இல் வெடித்தபோதும் சாம்பல் படிந்தது. மெல்லியதாகப் படிந்த சாம்பல் வெயிலை வாங்கிப் பனியை விரைந்து உருக்கும்; தடித்துப் படிந்தால் போர்வை போல மூடி உருகாமல் காக்கும். அதனால்தான் அங்கங்கே கரிக்குவியல் போன்ற கூம்புகள் நிற்கின்றன. வழிகாட்டி கோடாலியால் ஒன்றை லேசாகக் கொத்திக் காட்டச் சொல்லுங்கள்: கறுப்பு விரற்கடை அளவுதான், உள்ளே முழுவதும் பனிக்கட்டி.